ஜெனிட்டா கையில் நீ கொடுத்த பக்கம்

மகனே,

ஆண்டு விழா மேடையில், ஊர்ப்பட்ட பெற்றோருக்கு முன்னால், ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினாய். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பக்கத்தை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாய். அவளால் முடியவில்லை. உடனே மைக்கைப் பிடித்து, "பாத்தீங்களா, ஆட விட்டா படிப்பு வராது" என்று சொன்னாய். நீ செய்தது அநியாயம். அன்றைக்கு அடைத்த வாயை அந்தப் பிள்ளை இன்றுவரை பள்ளிக்கூடத்தில் திறக்கவில்லை. அதையே காரணமாகக் காட்டி அவளுடைய டீச்சரை வேலையை விட்டு அனுப்பினாய். இப்போது அவளையும் அனுப்பப் பார்க்கிறாய். வருகிற திங்கட்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள்ளும்படி அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய்.

மூன்று தடவை நேரில் சொன்னேன். மூன்றாவது தடவை நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நீங்க சொல்லல, கத்துதீங்க. எழுதிக் குடுங்க, பாக்கேன்" என்றாய். எழுதிவிட்டேன். ஒன்று உன் மேசைக்கு, இன்னொன்று பள்ளிக்கூட வாசலில் இருக்கிற நோட்டீஸ் போர்டுக்கு. மேடையில் நீ செய்ததை எல்லோரும் பார்த்தார்கள், இதையும் எல்லோரும் வாசிக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஹார்பரில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்தின் தாளாளராகிய உன் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். "ஒங்கப்பாவுக்கு படிப்பப் பத்தி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால், எப்படித் தெரிந்தது என்று இதில் எழுதியிருக்கிறேன், காட்டு.

யு.கே.ஜி.க்கு ரோஸ்லின் டீச்சர் வந்தபோது அவரைப் பற்றி உன்னிடம் முதலில் கோள் சொன்னவன் நான்தான். அதை மறைக்க மாட்டேன். ஒரு நாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால், சிமெண்ட் முற்றத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு. இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் கடல். டீச்சர் ஒரு வார்த்தை சொல்வார். அது 'ம்' என்ற சத்தத்தில் தொடங்கினால் பிள்ளைகள் கடலுக்குள் குதிக்க வேண்டும், இல்லையென்றால் கரையில் நிற்க வேண்டும். மீன் என்றார், குதித்தார்கள். மேங்கோ என்றார், குதித்தார்கள். நண்டு என்றார், பாதிப் பேர் குதித்துவிட்டு, ஐயோ என்று கத்திக்கொண்டு கரைக்குத் திரும்பி ஓடிவந்தார்கள். புத்தகம் இல்லை, நோட்டு இல்லை, ஒரு எழுத்தைக்கூட எங்கும் எழுதவில்லை. நான் நேராக உன் அறைக்கு வந்து, "ஏலே, இது பள்ளிக்கூடமா பொருட்காட்சியா? பிள்ளைகளத் தவளை மாதிரி குதிக்க விட்டிருக்கா அந்தம்மா" என்றேன். நீ சிரித்தாய். பல மாதம் கழித்துப் பெற்றோர்கள் வந்து, "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே சார்" என்று நின்றபோது, உன் காதில் முதலில் விழுந்திருந்தது என் குரல். அந்த விதையை நான் போட்டேன். நீ தண்ணீர் ஊற்றினாய்.

அடுத்த வாரம் வேறு விளையாட்டு. டீச்சர் சொல்கிற வார்த்தையில் எத்தனை சத்தம் கேட்கிறதோ அத்தனை குதி குதிக்க வேண்டும். 'நெட்' என்றால் ந், எ, ட், மூன்று குதி. பிறகு 'ஷிப்' என்றார். பிள்ளைகள் மூன்று குதித்து நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கப்பலில் ஏறி இறங்கியே வயதைக் கழித்தவனிடமா? "டீச்சர், தப்பு. நாலு. எஸ், எச், ஐ, பி" என்று வேன் பக்கத்தில் நின்று சத்தம் போட்டேன்.

"எழுத்து நாலுதான் அண்ணாச்சி. நான் எழுத்தக் கேக்கல. வாயில எத்தன சத்தம் வருதுன்னு கேக்கேன். கண்ண மூடிட்டுச் சொல்லிப் பாருங்க" என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. அப்போதுதான் ஜெனிட்டா என் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். கரைவலை இழுக்கிறவரின் மகள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, எந்நேரமும் முழங்காலில் ஒரு காயம் இருக்கும். "தாத்தா, ஒங்க எச்சு எங்கன இருக்கு? எனக்குக் கேக்கலையே" என்றாள். அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு கண்ணை மூடி, விரலை மடக்கி எண்ணினேன். ஷ். இ. ப். மூன்றுதான். இன்னொரு தடவை எண்ணினேன். மூன்றுதான். எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பிள்ளையிடம் தோற்றதற்காக இல்லை. உன்னை நினைத்து.

சின்ன வயதில் உனக்கு நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்தது போல நாம் இரண்டு பேரும் முப்பது வருஷம் நடித்திருக்கிறோம். கப்பலில் கண்டெய்னர்களை இரும்புக் கம்பி கொண்டு இறுக்கிக் கட்டுவது என் வேலை. இங்கிலீஷ் எழுத்துகளை நான் அந்தப் பெட்டிகளில்தான் படித்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு பெரிய எழுத்து, பக்கத்தில் ஏழு நம்பர். கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்டு, கையில் கரியால் எழுதி வைத்து, ஒரு வருஷத்தில் இருபத்தாறையும் பிடித்துவிட்டேன். பேர் தெரிந்தால் வாசிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஹார்பரில் வேலை பார்த்தவன்தான் அப்படி நினைப்பான். பெட்டியில் இருக்கிற எழுத்துகளை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்பிடுவதோடு சரி. அதையே உனக்கும் கற்றுக்கொடுத்தேன். உனக்கு ஆறு வயது. சாயங்காலம் ஹார்பர் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உன்னை ஏற்றி நிறுத்துவேன். வரிசையாக நிற்கிற டிரெய்லர்களைக் காட்டி, "வாசிலே" என்பேன். நீ கடகடவென்று ஒப்பிப்பாய். நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

ஒரு நாள் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற ஒருவர் வடை மடித்து வந்த இங்கிலீஷ் பேப்பரை நீட்டி, ஒரு சின்ன வார்த்தையில் விரலை வைத்தார். "தம்பி, இது என்ன?"

"எஸ், யு, என்."

"சரி. என்ன வார்த்தை?"

"எஸ்யுஎன்" என்றாய், மூன்றையும் வேகமாகச் சேர்த்து.

கடையே சிரித்தது. "என்னவே, ஒம்ம மவன் கண்டெய்னர் மட்டுந்தான் வாசிப்பானா? கிரேன் வேலைக்கு விட்டுரும்" என்றார் ஒருவர். நான் உன்னை அந்தப் பெஞ்சின் மேலேயே அறைந்தேன். உன் கால்சட்டை நனைந்து, பெஞ்சிலிருந்து சொட்டியது. வீட்டுக்குக் கூட்டிவந்து கல்லுப்பைக் கொட்டி அதன் மேல் முட்டி போட வைத்து, அந்த வார்த்தையைச் சொன்னால்தான் எழுந்திருக்கலாம் என்றேன். நீ எப்படிச் சொல்வாய்? எனக்கே அது என்ன வார்த்தை என்று தெரியாது. அது சூரியன் என்று எனக்குத் தெரியவே இன்னும் பல வருஷம் ஆயிற்று. எனக்குத் தெரியாத ஒன்றை உனக்குத் தெரியவில்லை என்று அடித்தேன். இதைப் போர்டில் ஒட்டுவதற்கு உன்னிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அந்த அறைக்கு வெட்கப்பட வேண்டியவன் நான், நீ இல்லை.

அதற்குப் பிறகு நீ சத்தம் போட்டு எதையும் வாசித்ததில்லை. மனப்பாடம் செய்தே பி.காம். வரை போனாய், பள்ளிக்கூடமே கட்டினாய். உட்கார்ந்து, வாயை மூடி, பக்கம் பக்கமாக எழுதினால்தான் படிப்பு என்று நீ நம்புகிறாய். அந்த நம்பிக்கையை உனக்குக் கொடுத்தது கல்லுப்பு. அது படிப்பு இல்லையடா, பயம். எனக்குத் தெரியும். உப்பை வாங்கி வந்தவன் நான்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். வேனுக்குள் விரல் மடக்கி எண்ணியதற்கு மறுநாள், ஹார்பரிலிருந்து எப்போதோ கொண்டுவந்து போட்டிருந்த பழைய நைலான் கயிற்றைத் துவைத்து, காயப்போட்டு, டீச்சரிடம் கொடுத்தேன். "விளையாட்டுக்கு ஆகுமான்னு பாருங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். "நம்ம பிள்ளைகளுக்கு 'பி'ன்னா ஒரே எழுத்து அண்ணாச்சி, உடைச்சுக் கேட்டுப் பழக்கமில்ல. இங்கிலீஷ் வாசிக்கணும்னா அத 'ப்'ன்னும் 'இ'ன்னும் பிரிச்சுக் கேக்க காது பழகணும். மெய்யும் உயிரும் சேந்தா உயிர்மெய்னு நம்ம படிச்சதுதான, அதையே திருப்பி நடத்துதேன். காதுல ஏறாம கையில எழுதுனா அது படம் வரையுறது மாதிரி." அப்புறம் ஏன் குதிக்க வேண்டும் என்று கேட்டேன். "சத்தத்தக் கண்ணால பாக்க முடியாதுல்லா. கால் ஒரு தடவ தரையில விழுந்தா, பிள்ளைக்கு ஒரு சத்தம்னு ஒறைக்கும். அதுக்கு அப்புறம் எழுத்தக் காட்டுனா, இது அந்தச் சத்தத்துக்கு உள்ள சட்டைன்னு தானாப் புரிஞ்சுக்கும்" என்றார்.

என் கயிற்றை வைத்து அவர் ஒரு விளையாட்டு உண்டாக்கினார். மூன்று பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துத் தள்ளித் தள்ளி நிற்பார்கள். ஒருவருக்கு 'ப்', ஒருவருக்கு 'இ', ஒருவருக்கு 'ன்'. அவரவர் சத்தத்தைச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்து ஒருவரை ஒருவர் நெருங்க வேண்டும். நெருங்க நெருங்கச் சத்தமும் நெருங்கும். தோளோடு தோள் முட்டும்போது 'பின்' என்று வார்த்தை வந்து விழும். கரைவலையில் இரண்டு பக்கமும் இழுத்து, கடைசியில் மீன் கிடக்கிற மடி கரையேறுகிற மாதிரி. எப்படி இழுப்பது என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தவள் ஜெனிட்டாதான். "அப்படி இல்லளா, குதிகால ஊனு. பின்னால சாயி. எங்கப்பா இப்படித்தான் இழுக்கும்." வார்த்தை வந்ததும், "மடி ஏறிட்டு!" என்று கூவுவாள். பிறகு 'ப்' பிள்ளையை விலகச் சொல்லிவிட்டு இவள் 'ட்' ஆக வந்து நிற்பாள். 'டின்'. மூன்று சத்தம் உள்ள வார்த்தை எது கொடுத்தாலும், எழுத்தைப் பார்த்துத் தட்டித் தட்டி வாசிக்கிற அளவுக்கு அவள் தையில் வந்துவிட்டாள். வேனில் ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஏறுகிற பிள்ளையின் பெயரைச் சத்தம் சத்தமாக உடைத்துக் கத்துவாள். நானும் அவளைப் பார்த்து உடைக்கப் பழகினேன். எழுத்து எழுத்தாக மட்டும் தெரிந்த ஹார்பர்க்காரன், அறுபது தாண்டி, இங்கிலீஷ் கடைப் பலகைகளை வாசிக்கத் தொடங்கினேன்.

விழாவுக்கு வருகிறேன். நீ அவள் கையில் கொடுத்தது ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தின் கடைசிப் பாடம். நீள நீளமான வார்த்தைகள். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லாதே. பக்கத்தின் மூலையை நீ முன்னாலேயே மடித்து வைத்திருந்தாய், திரைக்குப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். நோட்டில் எழுதச் சோம்பல்படுகிற பிள்ளை, குதிப்பில் முதல் பிள்ளை, பெற்றோர் வாயை அடைக்க அவளைவிட வசதியான ஆள் உனக்குக் கிடைக்க மாட்டார்கள். அவள் அழவில்லை. முதல் வார்த்தையின் கீழே விரலை வைத்தாள். முதல் சத்தத்தைச் சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கம் போல ஒரு குதி குதித்தாள். கூட்டம் சிரித்தது. அவள் சுற்றிப் பார்த்தாள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அப்புறம் நீ மைக்கை எடுத்தாய், சொன்னாய், கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன், மகனே. இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேடையில் கோட்டுப் போட்டு நின்று பேசுகிறவன் என் பிள்ளை என்ற ஒரே எண்ணத்தில் என் கை தானாகத் தட்டிவிட்டது. பாதியில் நிறுத்தினேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

விழா முடிந்த திங்கட்கிழமை ரோஸ்லின் டீச்சர் வந்தபோது வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. முற்றத்தில் புது வேனை நிறுத்தினாய். யு.கே.ஜி. அறையில் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து முடுக்கினாய். கயிற்றைக் குப்பையில் போடச் சொன்னாய். ஜெனிட்டா இப்போது ஒரு நாளைக்கு நாலு பக்கம் பார்த்து எழுதுகிறாள், அழகாகவே எழுதுகிறாள், அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாது. இறால் கம்பெனி வேலைக்குப் போகிற வழியில் அவள் அம்மா மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, வீட்டுல நல்லாப் பேசுதா. ஸ்கூல் சட்டையப் போட்டா வாய் பூட்டிருது. கொமட்டுதுன்னு சாப்பிடவும் மாட்டேங்கா. நான் என்ன செய்ய?" நீ அவளுக்குச் சொன்ன பதில், "பிள்ளைக்கு மூளை வளர்ச்சி கம்மி போல, வேற ஸ்கூல் பாருங்க" என்பது. டாக்டரா நீ?

போன வாரம் ஹார்பர் ரோட்டில் டிரெய்லர் ஒன்று மறித்துக்கொண்டது. வேன் அரை மணி நேரம் நின்றது. தூரத்தில் ஒரு கப்பலின் வெள்ளை மாடி தெரிந்தது. ஜெனிட்டா என் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தாள். நான் யாரையும் பார்க்காமல், எனக்கு நானே சொல்கிற மாதிரி, "ஷிப்" என்றேன். அவள் திரும்பவில்லை. ஆனால் மடியில் கிடந்த அவள் விரல் முழங்காலில் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் யாரோ பார்த்துவிட்டது போல அந்தக் கையை மறு கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கு மூளைக் குறைவு இல்லை. காது முழுக்கச் சத்தம் இருக்கிறது. அதை வெளியே விட்டால் கூட்டம் சிரிக்கும் என்று நீ கற்றுக்கொடுத்திருக்கிறாய், நான் உனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி. இதை உன்னிடம் ஓடிவந்து சொன்னபோதுதான், எழுதிக் கொடுங்கள் என்றாய்.

நேற்று திருச்செந்தூருக்கு பஸ் ஏறினேன். ரோஸ்லின் டீச்சர் அங்கே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, அறை கேட்டு வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "விரல் தட்டுச்சா? மூணா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வருவீர்களா என்றேன். "நான் வரமாட்டேன்னு சொல்லல அண்ணாச்சி. சார் கூப்பிடட்டும். ஆபீஸ்ல வச்சு இல்ல, அந்தப் பிள்ளைக்கு முன்னால வச்சுக் கூப்பிடட்டும். அன்னைக்குத் தப்பு டீச்சர் மேலன்னு அவ நெனச்சுட்டு இருப்பா. இல்லன்னா அவ மேலன்னு நெனச்சுட்டு இருப்பா" என்றார்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போய், ரோஸ்லின் டீச்சரைத் திங்கட்கிழமை காலைக்கு வரச் சொல்ல வேண்டும். போனில் இல்லை, நேரில்.

புது வேனை டிரைவர் முற்றத்தை விட்டு எடுத்து ரோட்டில் நிறுத்த வேண்டும். யு.கே.ஜி. பெஞ்சுகளை முடுக்கிய ஆசாரியே வந்து கழற்ற வேண்டும்.

மெர்சி, டி.சி. வாங்க நீ வர வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. ஸ்கூல் சட்டை வேண்டாம், வீட்டில் போடுகிற கவுனைப் போட்டுக் கூட்டி வா.

பெற்றோர்களே, நீங்கள் அன்றைக்குச் சிரித்தீர்கள். இனிமேல் சாயங்காலம் நோட்டைப் புரட்டுவதற்கு முன்னால், "இன்னைக்கு எந்தச் சத்தத்துக்குக் குதிச்ச?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அப்போது வந்து சண்டை போடுங்கள்.

மகனே, நீ எழுதி வைத்திருக்கிற டி.சி.யை நீயே கிழிக்க வேண்டும். அன்றைக்குப் பேசிய அதே மைக்கில், அது சொல்லிக்கொடுக்காத பக்கம், தெரிந்தே கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஜெனிட்டாவுக்கு முன்னால் டீச்சரைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும், நீயோ டீச்சரோ நானோ, அந்தப் பிள்ளையைப் பேசு என்று சொல்லக் கூடாது. ஒரு வாரம் ஆனாலும் சரி, ஒரு வருஷம் ஆனாலும் சரி.

நான் செய்ய வேண்டியதும் உண்டு. அதே மேடையில் ஏறி நிற்பேன். உனக்கு இஷ்டமான பக்கத்தை மூலை மடித்து என் கையில் கொடு. விரல் வைத்து, சத்தம் சத்தமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி குதித்து வாசிப்பேன். தடுமாறுவேன். இந்த வயதில் விழுந்தாலும் விழுவேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அந்தப் பிள்ளை பார்க்கட்டும். நீயும் பார்.

கயிற்றை நான் குப்பையில் போடவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருவேன். கேட் சாவி உன்னிடம் இருக்கிறது. நீ திறக்காவிட்டால், கரையையும் கடலையும் பிரிக்கிற அந்தச் சாக்பீஸ் கோட்டை ரோட்டில் போடுவேன்.

அப்பா